பல்லக்கு மணி

ஜூன் 4

அன்புள்ள அண்ணாவுக்கு,

தங்கை எழுதுவது. நாங்கள் எல்லோரும் சௌக்கியம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். ஆனால் உன்னிடம் பொய் சொல்லி நான் என்றைக்கு ஜெயித்திருக்கிறேன்? முழங்கால் வீங்கிப் படுத்திருக்கிறேன். படுத்தபடியே எழுதுவதால் கோழி கிறுக்கியது போல இருக்கும், பொறுத்துக்கொள்.

போன வியாழக்கிழமை சாயங்காலம் வழக்கம்போல வாண்டுவைப் பல்லக்கில் உட்காரவைத்து ஆற்றுப் பாலத்துக்குக் கிளம்பினேன். நீ செய்துகொடுத்த பெட்டி சைக்கிளை இந்தப் பதினோரு வருஷத்தில் நாங்கள் வேறு பேர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. பாலத்து மரப்பலகை மேல் சக்கரம் தடதடவென்று உருண்டால்தான் அவள் சிரிப்பாள். அந்தச் சிரிப்புக்காகத்தான் தினமும் அந்த மேட்டை மிதிப்பது. அன்றைக்குப் பாதி மேட்டில் என் கால் நின்றுவிட்டது. வண்டி பின்னால் உருண்டது. பிரேக்கைப் பிடித்தேன், குதித்து இறங்கி முட்டுக் கொடுத்தேன், ஒன்றும் பலிக்கவில்லை. கைப்பிடிச் சுவரில் மோதித்தான் நின்றது. வாண்டுவுக்கு மணிக்கட்டில் சிராய்ப்போடு போயிற்று. அதையும் விளையாட்டு என்று நினைத்து அவள் சிரித்தாள், அண்ணா.

டாக்டர் அதட்டிவிட்டார். "உங்க பொண்ணுக்குப் பதினஞ்சு வயசாச்சும்மா. நாப்பத்தெட்டு கிலோ. வண்டியோட சேத்தா நூறைத் தொடும். இந்தக் காலை வச்சுக்கிட்டு இனிமே மிதிக்கிறதை மறந்துடுங்க." உன் மாப்பிள்ளையோ முதுகுக்குப் பட்டை கட்டிக்கொண்டுதான் பஸ் ஓட்டவே உட்காருகிறார். அவரை எப்படி மிதிக்கச் சொல்வது?

இப்போது பயிற்சி நிலையத்து வேன் வாசலுக்கே வருகிறது. சக்கர நாற்காலியோடு ஏற்றி, இறுக்கிப் பூட்டிக் கொண்டுபோகிறார்கள். அது நல்ல ஏற்பாடுதான். ஆனால் மாடிப்படிக்குக் கீழே பல்லக்கு நிற்கிறதே! அதைத் தாண்டும்போது இரண்டு கையையும் மேலே தூக்குகிறாள். அவள் வாயால் பேசாதவள், அவளுக்குத் தெரிந்த ஒரே பேச்சு அதுதான். என்னைத் தூக்கி அதில் வை என்கிறாள். வைக்காவிட்டால் அலறுகிறாள். காலையில் தெருவே ஜன்னலைத் திறந்து பார்க்கிறது.

கண்ணில் படாவிட்டால் மறந்துவிடுவாள், யாருக்காவது கொடுத்துவிடலாம் என்கிறார் அவர். உன் கையால் செய்தது, உன்னைக் கேட்காமல் கொடுக்க எனக்கு மனமில்லை. நீ வேலை பார்க்கும் நடுக்கடல் எண்ணெய் மேடைக்குப் போனும் எட்டாது, சரக்குப் படகும் பதினைந்து நாளுக்கு ஒருமுறைதான் என்று தெரியும். தெரிந்தும் கேட்கிறேன், சீக்கிரம் எழுது.

உன் அன்புத் தங்கை


ஜூன் 18

அன்புள்ள அண்ணாவுக்கு,

உன் பதில் இன்னும் வரவில்லை. காத்திருக்க முடியாமல் போய்விட்டது. திட்டுவதென்றால் இந்தக் கடிதத்தை முழுக்கப் படித்துவிட்டுத் திட்டு.

திங்கட்கிழமை வேனுக்குப் போகும்போது வாண்டு நாற்காலியிலிருந்து பல்லக்கின் பக்கம் தாவிவிட்டாள். பெட்டியின் விளிம்பில் நெற்றி இடித்து எலுமிச்சம்பழ அளவுக்குப் புடைத்துவிட்டது. அன்றைக்கே முடிவு செய்துவிட்டோம். பின்தெருத் தச்சருக்கு இரண்டு சின்னப் பிள்ளைகள். அவரும் அவர் மனைவியும் வந்தார்கள். தச்சர் குனிந்து ஒவ்வொரு இணைப்பாகத் தடவிப் பார்த்துவிட்டு, "யாரு வச்ச வெல்டிங் இது? கையிலயே கண்ணு இருக்கும்போல" என்றார். எங்க அண்ணன் என்று சொன்னபோது எனக்குப் பெருமையாகவும் இருந்தது, அழுகையாகவும் வந்தது.

வாண்டு பயிற்சி நிலையத்தில் இருந்த நேரமாகப் பார்த்து எடுத்துக்கொண்டு போனார்கள். அதற்கு முன் பெட்டியைத் துடைத்தேன். மெத்தைக்கு அடியில் பிஸ்கட் தூள், முடி கிளிப் ஒன்று, அவளுக்கு ஐந்து வயதில் தொலைந்த காலுறை ஒற்றை. அதற்கு ஜோடி இல்லை என்று அப்போது நான் வீட்டையே தலைகீழாக்கியது உனக்கு நினைவிருக்குமே.

வண்டி தெருமுனை திரும்பிய பிறகுதான் ஞாபகம் வந்தது. உடைத்த படகிலிருந்து நீ கொண்டுவந்து மாட்டிய பித்தளை மணியை, அவளைத் தூக்கி வைக்கும் முன்னால் தினமும் நான் அடிப்பேனே, அதைக் கழற்ற மறந்துவிட்டேன். போகட்டும். பிள்ளைகள் அடித்து விளையாடட்டும்.

தங்கை


ஜூன் 20

அன்புத் தங்கச்சிக்கு,

உன் ஜூன் நாலாம் தேதிக் கடிதம் இன்றைய படகில் வந்தது. கொடுக்காதே. முதல் வரியிலேயே சொல்லிவிடுகிறேன், யாருக்கும் கொடுக்காதே. ஒரு பழைய போர்வையைப் போட்டு மூடி வை. ஆகஸ்டில் எனக்கு லீவு. பின்சக்கரத்தில் ஒரு சின்ன மோட்டார் வைத்துவிட்டால் நீ ராணி மாதிரி உட்கார்ந்தால் போதும், மேடும் பள்ளமும் அதன் பாடு. படம் வரைந்து இதோடு வைத்திருக்கிறேன். இங்கே சாப்பாட்டுக் கூடத்தில் நாலு பேர் கூடி இந்தப் படத்துக்கு யோசனை சொன்னார்கள். சமையல்காரர்கூட ஒரு யோசனை சொன்னார், அதை மட்டும் சேர்க்கவில்லை.

உன்னிடம் ஒன்று சொல்ல வேண்டும். வண்டியைக் கொண்டுவந்த அன்றைக்கு, தானாக எம்பி ஏற முடியாத பிள்ளையைப் பார்த்து, "பல்லக்கு ஏற யோகம் உண்டு, உன்னி ஏற சீவன் இல்லை" என்று வாய்த்துடுக்காகச் சொல்லிவிட்டேன். ஒரு மாதம் நீ என்னோடு பேசவில்லை. பிறகு நீயே அதற்குப் பல்லக்கு என்று பேர் வைத்து என்னை மன்னித்தாய். ஆனால் அதைவிடப் பெரிய குற்றம் ஒன்று உண்டு. பெட்டி ஏன் நாலடிதான் என்று நீ கேட்டாய், தகடு அவ்வளவுதான் இருந்தது என்றேன். தகடு நிறையவே இருந்தது. டாக்டர் என்னைத் தனியே கூப்பிட்டு, பத்து வயது தாண்டுவது கஷ்டம் என்று சொல்லியிருந்தார். பத்து வயதுப் பிள்ளைக்கு நாலடி போதுமே என்று நினைத்தேன்.

இப்போது அவள் காலை மடக்கித்தான் உட்காருகிறாள் என்று நீ எழுதும்போதெல்லாம் எனக்கு வெட்கமும் சந்தோஷமும் சேர்ந்தே வரும். வந்து பெட்டியையும் ஓரடி நீட்டித் தருகிறேன்.

அண்ணன்


ஜூலை 5

அன்புள்ள அண்ணா,

நம் இரண்டு பேர் கடிதமும் கடலில் ஒன்றையொன்று தாண்டிப் போயிருக்கிறது. இதற்குள் உனக்கு விஷயம் தெரிந்திருக்கும். உன் படத்தை மடித்து மெத்தைக்கு அடியில் வைத்திருக்கிறேன். அவரிடம் காட்டவில்லை. காட்டினால் அவருக்கும் தூக்கம் போகும்.

நாலடி விஷயம் எனக்குத் தெரியும். அதே டாக்டர் என்னிடமும் சொன்னார். அண்ணனிடம் சொல்லாதீர்கள், அவர் தாங்கமாட்டார் என்று நான்தான் கேட்டுக்கொண்டேன். அதற்கு முன்பே உன்னிடம் சொல்லிவிட்டிருக்கிறார் மனுஷர்! பெட்டியை நீ அளந்தபோது பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். இத்தனை வருஷமும் நீ எனக்கு மறைத்தாய், நான் உனக்கு மறைத்தேன். நடுவில் அவள் பாட்டுக்கு வளர்ந்துவிட்டாள்.

இப்போது கேள். முதல் வாரம் நன்றாகப் போயிற்று. அலறல் இல்லை, வேனில் சமர்த்தாக ஏறினாள். தப்பித்தோம் என்று நினைத்தேன். எட்டாம் நாள் சாயங்காலம் ஐந்து மணிக்குத் தெருவில் அந்த மணிச்சத்தம். தச்சரின் மனைவி பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு நம் தெரு வழியாகத்தான் ஆற்றுப் பக்கம் போகிறாள். ஜன்னலோரம் இருந்த வாண்டு இரண்டு கையையும் தூக்கினாள். அலறவில்லை. அழைக்க வந்துவிட்டார்கள் என்று நினைத்துக்கொண்டு காத்திருந்தாள். மணி அடித்துக்கொண்டே போய்விட்டது. கை இறங்கவில்லை. நான் இறக்கிவிட்டேன், மறுபடி தூக்கினாள். தினமும் இதே கதை. முக்கால் மணி நேரம்கூட அப்படியே இருக்கிறாள், தோள் நடுங்க நடுங்க.

பயிற்சி டீச்சர் நோட்டில் சிவப்பு மையால் எழுதியிருக்கிறார், "கையைத் தூக்கி நிறுத்துவதில் நல்ல முன்னேற்றம், வீட்டில் விடாமல் தொடரவும்" என்று. நாலு வருஷமாக அவர் முயன்று வராத முன்னேற்றம்.

நான் என்ன செய்யட்டும், அண்ணா?

தங்கை


ஜூலை 20

அன்புத் தங்கச்சிக்கு,

உன் இரண்டு கடிதமும் வந்தன. திட்டவில்லை. திட்ட எனக்கு வாயில்லை.

ஆகஸ்ட் லீவு ரத்தாகிவிட்டது. எனக்குப் பதிலாக வரவேண்டியவன் உடம்பு முடியாமல் படுத்துவிட்டான். இனி வருஷக் கடைசிதான். சுற்றிலும் தண்ணீர், நடுவில் நான். மயிரிழை பிசகாமல் இரும்பை ஒட்டவைக்கிறேன் என்று இங்கே எல்லோரும் மெச்சுகிறார்கள். என்னால் உனக்கு ஒரு திருகாணியைக்கூடக் கழற்றித்தர முடியவில்லை.

ஒன்றே ஒன்று தோன்றுகிறது. வண்டியைத் திருப்பிக் கேட்காதே, அது நியாயமில்லை. மணியை மட்டும் கேள். வேறு மணி வாங்கிக் கொடுத்துவிடு. இதை அந்த அம்மாவிடம் எப்படிச் சொல்வது என்று மட்டும் என்னைக் கேட்காதே.

வாண்டுவின் தோளுக்கு எண்ணெய் தேய்த்துவிடு.

அண்ணன்


ஆகஸ்ட் 6

அன்புள்ள அண்ணா,

லீவு கிடைக்காததற்கு நீ ஏன் குன்றிப்போகிறாய்? நீ வந்திருந்தாலும் மோட்டார் வைக்க வண்டி எங்கே இருக்கிறது?

தச்சர் வீட்டுக்கு மூன்று தடவை கிளம்பித் தெருமுனையிலேயே திரும்பிவிட்டேன். பிள்ளைகள் அடித்து விளையாடுகிற மணியைக் கொடு என்று எந்த முகத்தோடு கேட்பது? நாலாவது தடவை அந்த அம்மாவே என்னைப் பார்த்துவிட்டாள். இரண்டு பிள்ளைகளும் பெட்டிக்குள் உட்கார்ந்து, நிற்கிற வண்டியிலேயே ஊர் சுற்றிக்கொண்டிருந்தார்கள். முழங்காலை விசாரித்தாள். நான் வெயிலைப் பற்றிப் பேசினேன், விலைவாசியைப் பற்றிப் பேசினேன். கிளம்ப எழுந்தபோதுதான் வாய் வந்தது. பாதி சொல்லும்போதே அவள் முகம் வெளுத்துவிட்டது.

"ஐயோ, முன்னாடியே சொல்லக்கூடாதாக்கா? பாப்பா எங்களைப் பாத்துக் கை காட்டுறான்னு நெனச்சோம். அதுக்காகவே உங்க ஜன்னல்கிட்ட வந்ததும் நல்லா அடிங்கடான்னு பசங்ககிட்ட நான்தானே சொன்னேன்."

உள்ளே ஓடித் திருப்புளியை எடுத்துவந்து தானே கழற்றிக் கொடுத்தாள். சின்னவன் அழுதான். வேறு மணி வேண்டாம் என்றுவிட்டாள்.

மறுநாள் ஐந்து மணிக்குப் பல்லக்கு சத்தமில்லாமல் நம் ஜன்னலுக்கு நேர் எதிரே போயிற்று. வாண்டு பார்த்தாள். பதினோரு வருஷம் உட்கார்ந்த வண்டியை, யார் வண்டியோ என்பதுபோலப் பார்த்துவிட்டுத் தலையைத் திருப்பிக்கொண்டாள். "பாத்தியா, மறந்துட்டா" என்று அவர் சந்தோஷப்பட்டார். அதற்குத்தானே இவ்வளவும் செய்தோம்? எனக்கு ஏன் அப்படி வலித்தது என்று தெரியவில்லை. கை மறுபடி தொங்கிப்போய்விட்டது, வீட்டில் பயிற்சி கொடுப்பதில்லையா என்று டீச்சர் கேட்டு எழுதியிருக்கிறார்.

மணியைச் சமையலறை அலமாரியில் டப்பாக்களுக்குப் பின்னால் மறைத்து வைத்திருந்தேன். நேற்றுச் சர்க்கரை டப்பாவை இழுத்தபோது அது உருண்டு ஒரே ஒரு தரம் அடித்துவிட்டது. திரும்பிப் பார்த்தேன். கூடத்தில் வாண்டு இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு, சிரிப்பைத் தயாராக வைத்துக்கொண்டு இருந்தாள். ஜன்னல் பக்கம் அவள் பார்க்கவே இல்லை. என்னைத்தான் பார்த்தாள்.

போய்க் குனிந்து தூக்கிப் பார்த்தேன், அண்ணா. முடியவில்லை. முழங்கால் மடங்கிவிட்டது. அந்தக் கைகளுக்குள் என் தலையை நுழைத்து, தூக்குகிற மாதிரியே வெகுநேரம் நின்றேன். அவளா ஏமாறுகிறவள்? கையை இறக்கவே இல்லை.

இந்த வீட்டில் அது இருக்க வேண்டாம். தூக்கிப்போடவும் எனக்குக் கை வரவில்லை. இந்தப் பார்சலில் உனக்கே அனுப்புகிறேன். வாசலைத் தாண்டும்வரை சத்தம் வரக்கூடாது என்று மணியின் நாக்கில் அந்த ஒற்றைக் காலுறையைச் சுற்றியிருக்கிறேன். அங்கே போனதும் அவிழ்த்துவிடு. உன் அறையில் எங்காவது மாட்டிக்கொள். ஊருக்கு வரும்போது மட்டும் கொண்டுவந்துவிடாதே.

தோன்றும்போதெல்லாம் அடி, அண்ணா. அங்கே கை தூக்க யாருமில்லை.

தங்கை