மாட்டுக்குச் சொன்ன லத்தீன்

சேசு மரி சூசை துணை

உத்திரமேரூர்
4-12-1998

ரோமாபுரி குருமடத்தில் இருக்கும் என் செல்ல மகன் பீட்டருக்கு அம்மா ஆசீர்வாதத்தோடு எழுதிக்கொள்வது. இங்கே நான் சுகம், உன் தங்கச்சி ஜெனிஃபர் சுகம், உன் நைனா கோபமாகச் சுகம். அங்கே உன் உடம்பும் அப்படியே சுகமாக இருக்க, கோபம் மட்டும் இல்லாமல் இருக்க, தினமும் மாதாவிடம் கேட்டுக்கொள்கிறேன். மழை நல்ல மழை, ஏரி நிரம்பிவிட்டது, நவரைப் பட்டத்துக்கு ஏர் பூட்டியாயிற்று. நம் வீட்டுக் கூரையில் ஒழுகுகிற இடம் மாறியிருக்கிறது, ஒழுகுவது நிற்கவில்லை, அதை விடு.

இந்தக் கடிதம் கிறிஸ்துமஸுக்கு முன்னால் உன் கைக்கு வந்தாக வேண்டும் என்று அவசரமாக எழுதுகிறேன், காரணம் நீ போன மாசம் ஜெனிஃபருக்கு எழுதி அனுப்பிய லத்தீன்தான். புதுப் பாடம் என்று எழுதியிருந்தாயே, அமோ, அமாஸ், அமாத், அமாமுஸ், அமாத்திஸ், அமாந்த், அதாவது நேசிக்கிறேன், நேசிக்கிறாய், நேசிக்கிறான், நேசிக்கிறோம், நேசிக்கிறீர்கள், நேசிக்கிறார்கள் என்று. அந்தப் பெண் பிளஸ் டூ பாடத்தை மூட்டை கட்டி வைத்துவிட்டு, விளக்கு வைத்ததும் இதையே வாய்ப்பாடு மாதிரி கத்திக்கொண்டிருந்தாள். அவன், அவள், அது மூன்றுக்கும் அமாத் ஒன்றேதானாமே, அதென்னடா மனுஷனுக்கும் மாட்டுக்கும் ஒரே மரியாதை, கேட்டதும் எனக்குச் சிரிப்பு. உன் நைனா கட்டிலில் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டு, இன்னா பேஜாரு இது, மனுசன் தூங்கறதா வேணாமா என்று கத்துவார். நீ சாமியாராகப் போகிறேன் என்று கிளம்பிய அன்று, எனுக்குப் புள்ளயே இல்ல போ என்று சொல்லிவிட்டுக் கழனிக்குப் போன மனுஷன்தானே. இரண்டு வருஷமாக நீ போன் பண்ணும் ஞாயிற்றுக்கிழமைகளில் நானும் ஜெனிஃபரும் பாட்சா பாயின் எஸ்.டி.டி. பூத்துக்குள் நின்று பேசுவோம், அவர் எதிர் டீக்கடையில் நமக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருப்பார். பாட்சா பாயும் ஒவ்வொரு தடவையும், இன்னாம்மா, வூட்டுக்காரர் அங்கதான கீறாரு, கூப்புடட்டுமா என்பார். கூப்பிட்டால் எழுந்து போய்விடுவார். எனக்கு அழுகையாக வரும், உன்னிடம் காட்டாமல் மழை பெய்யுதா வெயில் அடிக்குதா என்று எதையாவது கேட்டுக்கொண்டிருப்பேன்.

இப்போது நடந்ததைக் கேள். நிலத்துக்காரர் ராஜாராம் போன செவ்வாய்க்கிழமை காலையிலேயே நம் வாசலில் வந்து நின்று கூப்பாடு போட்டார். என் மாட்ட இன்னாய்யா பண்ணி வெச்ச, ஹை ஹைன்னு தொண்ட கிழியக் கத்தறேன், நட்டு வெச்ச கல்லு மாரி நிக்குது, நீ இன்னாவோ அமோன்னு சொன்னாத்தான் நவுருதாமே என்று கேட்டார். உன் நைனா அவர் மாட்டைப் பூட்டி ஏர் ஓட்டும்போது யாருக்கும் கேட்காது என்று நினைத்துக்கொண்டு நாள் முழுக்க மாட்டிடம் உன் லத்தீனைச் சொல்லியிருக்கிறார்! மாடு பழகிவிட்டது. ஜெனிஃபர் சிரிப்பை அடக்க முடியாமல் குடத்துக்குள் தலையை விட்டுக்கொண்டாள். உன் நைனா இருக்கிறாரே, கல்லுளிமங்கன், முகத்தில் ஒன்றும் காட்டவில்லை. அது மாட்டு பாஷ, சொல்லித் தரேன் கத்துக்கோ என்று அந்த மனுஷனைத் தெருவிலேயே நிற்க வைத்து ஆறையும் சொல்லிக் கொடுத்து அனுப்பினார். இப்போது ராஜாராம் காலையில் வரப்பில் நின்று தன் மாடுகளைப் பார்த்து நான் நேசிக்கிறேன், நீ நேசிக்கிறாய் என்று ஊர் கேட்க லத்தீனில் கத்துகிறார். அர்த்தம் தெரியாது பாவம். ஊருக்கு வரும்போது நீயும் சொல்லித் தொலைக்காதே.

நான் வயிறு வலிக்கச் சிரித்தேன், அதற்கு இரண்டு வேளை சாப்பிடாமல் முறுக்கிக்கொண்டார். மறுநாள் நான் அடுப்பு ஊதிக்கொண்டிருக்கும்போது பின்னால் வந்து நின்று, அந்த அமோவ போன்ல சொன்னா அவனுக்குப் புரியுமா என்று மெதுவாகக் கேட்டார் பீட்டர். ஊதுகுழலைக் கீழே வைத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தேன். நம் பக்கத்தில் எந்த அப்பன் பிள்ளையிடம் இந்த வார்த்தையைச் சொல்கிறான், சாப்ட்டியா என்பான், அதோடு சரி. தமிழில் இவருக்கு வாய் வராது, வேறு பாஷை என்றால் வெட்கமில்லை போலிருக்கிறது. புரியும் என்றேன். கிறிஸ்துமஸ் அன்று போன் பண்ணும்போது நானும் வரேன் என்று சொல்லிவிட்டார். வெள்ளைச் சட்டையை இப்போதே துவைத்து மடித்து வைத்தாயிற்று. போனில் சட்டை தெரியுமா என்று கேட்டேன், மூஞ்சியைத் திருப்பிக்கொண்டார்.

ஆகையால் சொல்கிறேன், நன்றாகக் கேட்டுக்கொள். அன்று வேறு வேலை வைத்துக்கொள்ளாதே. சிரித்துவிடாதே. ஜெனிஃபரைத் திருத்துவது போல அவர் உச்சரிப்பைத் திருத்தாதே. ஒன்றை மட்டும் தனியாகச் சொல்ல அவருக்கு வராது, முதலிலிருந்து ஆறும் சொன்னால்தான் வரும், முடிக்கிற வரை பொறுத்திரு. நடுவில் ஹை என்று ஒரு சத்தம் வந்தால் பயப்படாதே, அது மாட்டுக்கு. முடித்ததும் நீ பதிலுக்கு லத்தீனை எடுத்து விடாதே, அதற்கு மேல் அவருக்குத் தெரியாது. நைனா என்று கூப்பிடு, அது போதும். அந்த டீக்கடை பெஞ்சிலிருந்து காதைத் தீட்டிக்கொண்டு இரண்டு வருஷமாக அதற்குத்தான் உட்கார்ந்திருக்கிறார்.

குளிரில் காதை மூடிக்கொள், ராத்திரியில் தயிர் சேர்க்காதே. பங்குச் சாமியார் உன்னை விசாரித்தார். மாதா உன்னைக் கண்ணுக்குள் வைத்துக் காப்பாற்றட்டும். கிறிஸ்துமஸ் அன்று இங்கே சாயங்காலம் ஐந்து மணி, மறந்துவிடாதே.

இப்படிக்கு,
உன் அம்மா
ஞானசுந்தரி

கடிதத்தை ஒட்டப் போகும்போது உன் நைனா வந்து, இன்னாத்த எழுதின, மாட்டு சமாச்சாரத்த எழுதாத என்றார். எழுதவில்லை என்று சொல்லிவிட்டேன்.