பிளக்கைப் பிடுங்கியும் நிற்காத தண்ணீர்

8.7.2001, ஞாயிறு

காலையிலிருந்தே புழுதிக் காற்று. மாடியில் காயப் போட்ட என் வேட்டி பக்கத்துத் தறிக் கொட்டகைக் கூரை மேல். எடுத்து வந்து மறுபடி அலசல், கையால்.

வாஷிங் மிஷின் ஓடவில்லை என்று சொல்ல முடியாது. ஓடுகிறது. நிறுத்திய பிறகு தண்ணீர் நிற்பதில்லை, அதுதான் சிக்கல். சோப்புத்தூள் போடும் இழுப்பறை வழியாகச் சொட்டுச் சொட்டாக இறங்கி, விடியும்போது டிரம்மில் பாதித் தண்ணீர். இன்று மருமகள் தனம் கதவைத் திறந்ததும் அடுப்படி வரை வெள்ளம். என் வீட்டுக்காரி பாக்கியம் பிடித்துக்கொண்டாள்.

"ஒங்கப்பா புதுசுதான் வாங்குனாரா, இல்ல எவனோ வேணாம்னு தள்ளுனத எங்க தலையில கட்டிட்டாரா?"

தனம் பழந்துணி போட்டு ஒற்றி எடுத்தாள். மகன் ரவி, "ரெண்டு பேருக்கு நடுவுல என்னய இழுக்காதீங்கப்பா" என்று கடைச் சாவியோடு கிளம்பிவிட்டான். ஞாயிற்றுக்கிழமை கடை ஏது?

மிஷின், தனத்தின் கல்யாணச் சீரில் வந்தது. மாசியில் கல்யாணம். சம்பந்தி எழுமலையில் வெங்காயம் போடுகிறவர். ஆடி பிறக்கும் முன் மகளை அழைத்துப்போக 16ஆம் தேதி வருகிறார். பாக்கியம் தீர்மானமாகச் சொல்லிவிட்டாள்: "ஆடி முடிஞ்சு வரையில வேற மிசினோட வரட்டும். இல்லாட்டி அங்கயே இருந்துக்கட்டும்."

கோபத்தில் சொன்னது என்று தள்ள முடியாது. சொன்னால் செய்கிறவள்.

எட்டு நாள் இருக்கிறது. அதற்குள் குற்றம் எதில் என்று கண்டாக வேண்டும். கடையில் ஒரு தறிச் சாமான் பழுது என்று திரும்பி வந்தால், சாமானையும் திட்டமாட்டேன், ஆளையும் திட்டமாட்டேன். அவன் தறியிலேயே போய் மாட்டிப் பார்ப்பேன். முக்கால்வாசி, மாட்டினவன் கோளாறாக இருக்கும். வீட்டுக்கும் அதே முறைதான்.

9.7, திங்கள்

மெக்கானிக் வந்தான். சட்டைப் பையில் மூன்று பேனா, கையில் ஒரே ஒரு ஸ்குரூ டிரைவர்.

"போர்டு போச்சு சார். வால்வுக்குக் கரண்டு குடுக்கிறது போர்டுதான். அது நிப்பாட்டாமக் குடுத்துக்கிட்டே இருக்கு, தண்ணி வந்துக்கிட்டே இருக்கு."

"தொறந்து பாத்தியா?"

"எதுக்கு சார் தொறந்துக்கிட்டு? எம்புட்டு மிசின் பாத்திருக்கேன்."

புதுப் போர்டு வர ஒரு மாசமாம். பார்க்காமல் சொல்கிறவனிடம் நான் நூல்கண்டு கூட வாங்கியதில்லை.

மத்தியானம் கடையில் டீ குடிக்கும்போது தோன்றியது. கரண்டு நிற்காததால்தான் தண்ணீர் நிற்கவில்லை என்றால், பிளக்கைப் பிடுங்கினால் தண்ணீர் நிற்க வேண்டுமே?

10.7, செவ்வாய்

சோதனை. பிளக்கைப் பிடுங்கி, பாக்கியம் பார்க்கும்படி கையிலேயே வைத்துக்கொண்டேன். குழாயைத் திறந்தேன். இழுப்பறையை வெளியே இழுத்தேன். நடுக் குழியில் நூல் மாதிரி தண்ணீர்.

கரண்டே இல்லை, தண்ணீர் வருகிறது. ஆக, போர்டு மேல் குற்றமில்லை. வால்வு மூடவில்லை.

பா.: "அப்ப மிசின்தான் கெட்டதுன்னு ஆச்சுல்ல?"

"வால்வு கெட்டிருக்கு. ஏன் கெட்டுச்சுன்னு இன்னும் தெரியல."

"கெட்டது கெட்டதுதான். அதுல என்ன ஏன்?"

வக்கீலாகக் கோர்ட்டுக்குப் போயிருக்க வேண்டியவள். இது போதாதென்று எழுமலைக்குப் போனும் போட்டுவிட்டாளாம். அவர்கள் தெரு உரக்கடை நம்பர். "மிசின் சரியில்ல, பாத்துக்கங்க" என்று மட்டும்தான் சொன்னாளாம். மட்டும்தானாம்.

11.7, புதன்

கரண்ட் கட், பத்திலிருந்து பன்னிரண்டு வரை. தெருவில் ஒரு தறிச் சத்தம் இல்லை. காது வலித்த மாதிரி இருந்தது.

கோவையிலிருந்து பெல்ட் பண்டல் வந்தது. ஒன்றில் ஈரம். திருப்பி அனுப்ப வேண்டும்.

தனம் இரண்டு நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை. எதிர்வீட்டுப் பெண்ணிடம் சொல்லிக்கொண்டிருந்தது காதில் விழுந்தது: "எங்கப்பா கடை கடையா ஏறி எறங்கி, கதவத் தொறந்து மூடி, கையால தடவித் தடவிப் பாத்துத்தான்க்கா வாங்குனாரு."

12.7, வியாழன்

அடுத்த சந்தில் மோட்டாருக்குக் காயில் கட்டும் கனகு, மீட்டரோடு வந்தான். பார்த்தவை:

வால்வில் இரண்டு காயில், இரண்டும் மீட்டரில் ஒரே அளவு. சரி.
ஒயர், சரி.
வால்வைப் பிரித்தது. உள்ளே ரப்பர் வட்டின் அடியில் மணல், நாலைந்து பொடிக் கல். ரப்பரில் வெட்டு.

"ரப்பர் ஒக்கார வேண்டிய எடத்துல கல்லு ஒக்காந்திருக்குண்ணே. அப்பறம் எங்கிட்டு மூடும்?"

"கல்லு எப்பிடி வந்துச்சு?"

"வரக்கூடாது. ஓஸ் மாட்டுற வாயில சின்னச் சல்லடை ஒண்ணு இருக்கும், வெரல் நகம் அகலத்துக்கு. இதுல காணோம். எவனோ புடுங்கியிருக்கான்."

எவனோ.

மிஷின் வந்திறங்கிய அன்று. மாட்டிவிட்டு ஆள் போன பிறகு தண்ணீர் மெதுவாக ஏறியது. நான்தான் ஓஸைக் கழற்றினேன். வாயில் சல்லடை. தண்ணீரை மறிக்கிறது, லாரியில் வரும்போது தூசி போகாமல் வைத்ததாக இருக்கும் என்று நினைத்தேன். குறடால் பிடுங்கிக் குப்பையில் போட்டேன். தண்ணீர் பாய்ந்தது. சுற்றி நின்றவர்களைப் பெருமையாக வேறு பார்த்தேன்.

கனகிடம் சொன்னேன். அடக்க முடியாமல் சிரித்தான்.

"தண்ணியில மண்ணுன்னு சொல்லி முடிச்சு விடுங்கண்ணே. சல்லடையப் பத்தி யாரு கேக்கப் போறா?"

13.7, வெள்ளி

டவுன்ஹால் ரோட்டில் மூன்று கடை ஏறி அதே அளவு வால்வு, சல்லடையோடு. கனகு மாட்டினான். அரை மணி நேரம் பார்த்தேன். இழுப்பறையில் ஒரு சொட்டு இல்லை. மாடித் தொட்டியைக் கழுவியதில் ஒரு கூடை வண்டல்.

பா. பார்த்தாள். "ரிப்பேர் பண்ணி ஓட்டுறதுக்கா சீர் வாங்குனோம்? நான் சொன்னது சொன்னதுதான்."

ஆக, மிஷின் ஓடினாலும் தனத்துக்கு விடுதலை இல்லை. உண்மையைச் சொன்னால்தான் உண்டு. சொல்லவில்லை. வீட்டில் என் பேச்சு எடுபடுவது எனக்கு எல்லாம் தெரியும் என்கிற பெயரால்தான். அதை நானே உடைப்பதா?

15.7, ஞாயிறு

அயிரை மீன் குழம்பு. சாப்பிடும்போது சொல்லிவிடலாம் என்றிருந்தேன். இரண்டு முறை வாய் வரை வந்தது. சோற்றோடு விழுங்கினேன்.

நாளை அவர் வருகிறார்.

16.7, திங்கள்

பத்து மணிக்குச் சம்பந்தி. ஒரு கையில் பலகாரக் கூடை, மறு கையில் துணிப் பை, ஆட்டோவில் அரை மூட்டை வெங்காயம். எல்லாவற்றையும் இறக்கி வைத்தார், உட்காரவில்லை. தோளில் கிடந்த துண்டு கைக்கு வந்துவிட்டது.

"சம்பந்தி, மனசுல வச்சுக்காதீங்க. பாத்துத்தான் வாங்குனேன், இப்பிடி ஆயிப்போச்சு. வெங்காயத்த வித்ததும் வேற மிசினு எறக்கிர்றேன். கடையில சொல்லி வச்சுட்டேன்."

என்னை விட ஐந்தாறு வயது மூத்த ஆள். கெடுத்தது நான், என்னிடமே மன்னிப்புக் கேட்கிறார். அதற்கு மேல் தாங்கவில்லை.

"சம்பந்தி, துண்டத் தோள்ல போடுங்க. மிசின்ல ஒரு கொறையும் இல்ல. கெடுத்தது நானு."

பா.: "என்னங்க ஒளர்றீங்க?"

"ஒளறல. வாயில இருந்த சல்லடையக் கொறடு வச்சுப் புடுங்குனேன். தொட்டி மண்ணு பூராம் உள்ள போயிருச்சு."

அடுப்படி வாசலிலிருந்து தனம்: "எனக்குத் தெரியும் மாமா."

திரும்பிப் பார்த்தேன்.

"நீங்க புடுங்கையில பக்கத்துலதான நின்னேன். அது எதுக்குன்னு அப்பத் தெரியல. கனகண்ணே சொல்லவும் புரிஞ்சுச்சு."

"அன்னைக்கே சொல்லிருக்கலாம்ல தாயி?"

"சொன்னா, அப்பனக் காப்பாத்த மாமனார் மேல பழியப் போடுறான்னு ஆகும். நீங்களாச் சொன்னாத்தான் மாமா உண்டு."

நான்கு நாள் என் முகத்தைப் பார்த்துக்கொண்டே சோறு போட்டிருக்கிறாள்.

பா. எழுந்து உள்ளே போனாள். காப்பியோடு வந்தாள். சம்பந்தி கையில் கொடுத்து, "வெங்காயத்த வித்து ஒங்க பாட்டப் பாருங்கண்ணே. வேற மிசினு ஒண்ணும் வேணாம்" என்றாள். தனத்திடம் ஒன்றும் சொல்லவில்லை. மூன்று மணி பஸ்ஸில் அப்பாவும் மகளும் போனார்கள்.

19.7, வியாழன்

மூன்று நாள் அழுக்கு. மிஷின் முன்னால் நானும் பா.வும். இழுப்பறையில் மூன்று குழி. தூள் எதில் போடுவது என்று இரண்டு பேருக்கும் தெரியவில்லை. இத்தனை நாள் தனம்தான் போட்டாள்.

உரக்கடைக்குப் போன் போட்டேன். தனத்தைக் கூப்பிட்டு வர ஆள் போனது. லைனில் வந்ததும், நான் "தாயி" என்பதற்குள் பா. ரிசீவரைப் பிடுங்கிக்கொண்டாள்.

"ஏத்தா, சாப்ட்டியா? ... தூள எந்தக் குழியில போடணும்? ... ம். ... ம். ... சரி. ஆடி கழிஞ்ச மறுநாளே வந்துரு, நான் ரவிய அனுப்பி விடுறேன்."

வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினாள்.

"நடுக் குழியாம். நீங்க கிட்ட வராதீங்க."