எழுதுவது நீதானா, தியாமிகே?

என்டோலா
ஞாயிறு, பிற்பகல்

அன்புத் தங்கை தியாமிகேவுக்கு,

இந்தக் கடிதத்தை உன் கையில் கொடுத்த நர்ஸ் பெயர் எக்ஸில்டா. போனில் நம் பெண்கள் குழுவில் 'உப்பு' என்ற பெயரில் எழுதுகிறவர் அவர்தான். பெண் பிள்ளைகளுக்குத் தடுப்பூசி போட உன் பள்ளிக்கூடத்துக்கு வந்திருப்பதும் பொய்யில்லை, அது அவர் வேலை. முகத்தை மாற்றிக்கொள்ளாதே. தடுப்பூசிப் பட்டியலைச் சரிபார்க்கிற மாதிரியே இதைப் படி. படித்ததும் அவரிடமே திருப்பிக் கொடு. வீட்டுக்குக் கொண்டுபோகாதே. கிழித்துப் போடவும் வேண்டாம்.

நலமா என்று கேட்டுத் தொடங்குவதுதான் முறை. இரண்டு தடவை எழுதி இரண்டு தாளையும் கசக்கிப் போட்டேன். நீ நலமாக இல்லை என்று தெரிந்துகொண்டே எப்படிக் கேட்பது?

விஷயத்துக்கு வருகிறேன். பிப்ரவரி மாதம் முதல் வாரத்திலிருந்து உன் போனிலிருந்து குழுவில் எழுதுவது நீ இல்லை. உன் கணவர் கெர்ஷோம். அது எங்களுக்குத் தெரியவே இரண்டு வாரம் ஆகிவிட்டது. அந்த இரண்டு வாரத்தில் நான் செய்த தப்பை உன்னிடம் ஒப்புக்கொள்ளத்தான் முதலில் இதை எழுதுகிறேன்.

நீ எழுதினால் நிறுத்தமே இருக்காது. ஒரே மூச்சில் அழுகை, கிண்டல், உன் மகள் முவீசாவின் இருமல், மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளின் சேட்டை எல்லாம் கலந்து வரும். "எம் புருஷன் சபையில பாடுனா தேவதூதரே எறங்கி வந்துருவாரு, வீட்ல வாயத் தொறந்தா நான்தான் மேல போயிருவேன் போலருக்கு"ன்னு நீ எழுதியதைப் படித்துவிட்டு, கிளினிக்கில் பதிவேட்டுக்கு முன்னால் உட்கார்ந்து நான் வாய்விட்டுச் சிரித்தேன். வரிசையில் நின்றவர்கள் எனக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டது என்று நினைத்திருப்பார்கள். சிரித்த பிறகுதான் நீ என்ன சொல்லியிருக்கிறாய் என்று உறைத்தது.

பிப்ரவரியில் திடீரென்று "அன்புச் சகோதரிகளே, காலை வணக்கம்" என்று வர ஆரம்பித்தது. ஒவ்வொரு வரிக்கும் ஒரு முற்றுப்புள்ளி. அப்போதே எனக்கு விளங்கியிருக்க வேண்டும். விளங்கவில்லை. டீச்சரம்மாவுக்குக் கொஞ்சம் நிதானம் வந்திருக்கிறது என்று நினைத்துச் சந்தோஷப்பட்டேன். பிறகு என் தனி எண்ணுக்கு ஒரு செய்தி. "அக்கா, நான் முடிவு செய்துவிட்டேன். குழந்தையோடு வருகிறேன். எங்கே வர வேண்டும்?"

இரண்டு வருஷமாக நீ சொல்ல வேண்டும் என்று நான் காத்திருந்த வார்த்தை அது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. யோசிக்கவே இல்லை. தெரு பெயர், வீட்டு எண், பஸ் நிலையத்திலிருந்து எந்தப் பக்கம் திரும்ப வேண்டும், எல்லாவற்றையும் எழுதிவிட்டேன். "பின்பக்கம் மஞ்சள் கதவு போட்ட ஒரு அறை இருக்கிறது. முசோண்டா என்ற பெண் கைக்குழந்தையோடு அங்கே இருக்கிறாள். நீங்கள் நாலு பேரும் நெருக்கிப் படுத்துக்கொள்ளலாம்" என்றுகூட எழுதினேன். முசோண்டாவின் பெயரைச் சொல்ல எனக்கு என்ன உரிமை இருந்தது, சொல்.

போன சனிக்கிழமைக்கு முந்தைய சனிக்கிழமை, மதியம் சாப்பிட்டு முடித்த நேரம், கேட்டில் ஒருவர் வந்து நின்றார். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை. கையில் ஒரு பை நிறைய நிலக்கடலை. சிரித்த முகம். நான் போனதும் தொப்பியை எடுத்துவிட்டு, முழங்காலைக் கொஞ்சம் மடக்கி, கைதட்டி மரியாதையாக வணக்கம் சொன்னார்.

"அம்மா, நான் தியாமிகேவோட அண்ணன். அவ ஊரு சிபாட்டாவிலேருந்துதான் வரேன். அவ இங்க வந்துட்டாளா?"

இன்னும் வரவில்லை என்று சொன்னேன். பார், வரவில்லை என்று சொல்லவில்லை. 'இன்னும்' வரவில்லை என்றேன். அந்த ஒரு வார்த்தையை அவர் வாயில் போட்டு மென்ற மாதிரி எனக்குத் தோன்றியது.

"பரவாயில்லம்மா. அந்த மஞ்சக் கதவு ரூமுல இருப்பாளோன்னு நெனச்சேன்" என்றார்.

என் வீட்டின் கேட்டில் நின்றால் அந்தக் கதவு தெரியாது, தியாமிகே. அதைப் பற்றி நான் உனக்கு மட்டும்தான் எழுதியிருந்தேன். எனக்குத் தெரிந்துவிட்டது என்பதை அவரும் என் முகத்தில் பார்த்துவிட்டார். சிரிப்பை மாற்றவே இல்லை. நிலக்கடலைப் பையை கேட் கம்பிக்கு மேலாக நீட்டினார். என் கை தானாக நீண்டு அதை வாங்கிக்கொண்டது. ஏன் வாங்கினேன் என்று இன்றைக்கும் தெரியவில்லை.

"நல்ல வீடு. அமைதியான தெரு. ஊரார் பொண்டாட்டிங்களுக்கெல்லாம் எடம் குடுக்கிற பெரிய மனசு ஒங்களுக்கு. ஒடம்ப பாத்துக்கங்கம்மா" என்று சொல்லிவிட்டு நிதானமாக நடந்து போனார். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அவர் திட்டியிருந்தால், கல்லை எடுத்து எறிந்திருந்தால் இவ்வளவு பயந்திருக்க மாட்டேன். என் பழைய கணவர் சத்தம் போடுகிற ஆள். அந்தச் சத்தம் எனக்குப் பழக்கம். இந்த மாதிரி மென்மையாகப் பேசுகிற ஆளோடு நீ எட்டு வருஷம் எப்படிக் குடும்பம் நடத்தினாய்?

அன்று சாயங்காலமே முசோண்டாவையும் குழந்தையையும் வேறு இடத்துக்கு அனுப்பிவிட்டேன். எங்கே என்று எழுத மாட்டேன். இனி யாருக்கும் எதையும் எழுதிச் சொல்வதாக இல்லை.

ஆனாலும் மனது கேட்கவில்லை. போனில் இருப்பது உண்மையிலேயே நீ இல்லையா என்று உறுதி செய்துகொள்ள, மறுநாள் குழுவில் உன் பெயரைச் சொல்லி, "எண்ணெய் எப்படி இருக்கிறது?" என்று கேட்டேன். போனை எடுத்துப் பார்க்கிற ஆண்களுக்கு விட்டும்புவா பலகாரம் சுட்டு விற்கிற பெண்கள் பேசிக்கொள்வதாகத் தோன்றட்டும் என்று குழுவுக்குப் பலகாரப் பெயரும் இந்த எண்ணெய்ப் பேச்சும் வைத்தவளே நீதான். எண்ணெய் ஆறிவிட்டது என்றால் வீட்டில் இன்றைக்குத் தொந்தரவு இல்லை. எண்ணெய் காய்ந்துவிட்டது என்றால் ஆபத்து, யாராவது வாருங்கள். உன் போனிலிருந்து என்ன பதில் வந்தது தெரியுமா? "கடையில் இரண்டரை லிட்டர் பாட்டில் கிடைக்கிறது சகோதரி."

அறுபத்து மூன்று பேரும் அதைப் பார்த்தார்கள். பிறகு ஒவ்வொருவராகக் குழுவை விட்டு வெளியேறத் தொடங்கினார்கள். எல்லோருடைய வீட்டுக் கதையும் அந்தப் போனில் இருக்கிறது. யார் எங்கே வேலை செய்கிறார்கள், யாருடைய பிள்ளை எந்தப் பள்ளியில் படிக்கிறது, எல்லாம். நான் ஒவ்வொருவரையும் கூப்பிட்டுப் பேசினேன். சிலர் எண்ணை மாற்றிவிட்டார்கள். ஒருத்தி மட்டும், "அந்த டீச்சர் நம்மள வித்துட்டா, அக்கா" என்று கத்தினாள். "விற்றது அவளில்லை, நான்" என்று சொன்னேன். அப்படியும் அவள் அழுகை நிற்கவில்லை.

என் நிலைமை இது: கிளினிக்கில் பெயர் பதிவதைவிட வாசலைப் பார்ப்பதுதான் அதிகம். வெள்ளைச் சட்டை போட்ட யார் வரிசையில் வந்தாலும் விசாரிக்கத் தொடங்கிவிடுகிறேன். நேற்று ஒரு பாவப்பட்ட மனிதர் பல்வலி என்று வந்தார். அவரிடம் ஊர் எது என்று மூன்று தடவை கேட்டேன். காவல் நிலையத்துக்கும் போனேன். ஒரு பெண் அதிகாரி உட்கார வைத்துப் பொறுமையாகக் கேட்டு எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார். "கேட்ல நின்னு கடலை குடுத்துட்டுப் போனாருன்னு வச்சு நான் என்னம்மா பண்றது? அந்தப் பொண்ணு வாயைத் தொறந்து ஒரு வார்த்தை சொல்லட்டும், மீதிய நான் பாத்துக்கிறேன்" என்றார். நல்லவராகத்தான் தெரிந்தார். அவருடைய எண் எக்ஸில்டாவிடம் இருக்கிறது.

நீ உயிரோடு இருக்கிறாய் என்பதே புதன்கிழமைதான் எங்களுக்குத் தெரிந்தது. எக்ஸில்டா தடுப்பூசிக்கு நாள் குறிக்கிற சாக்கில் உன் பள்ளிக்கு வந்தார். மூன்றாம் வகுப்பு டீச்சர் யார் என்று கேட்டு, உன் வகுப்பின் ஜன்னலோரமாக நடந்தார். இந்த வெயிலில் மணிக்கட்டு வரை கை வைத்த சட்டை போட்டிருந்தாய் என்றும், கரும்பலகையில் எழுத இடது கையைப் பயன்படுத்தினாய் என்றும் சொன்னார். நீ இடது கைக்காரியா? எனக்குத் தெரியாது. வலது கைக்கு என்னவோ ஆகியிருக்கிறதோ என்று பயப்படுகிறேன். மணி அடித்ததும் கெர்ஷோம் வாசலில் வந்து நின்றாராம். உன்னிடம் பேச முடியவில்லை. அவரைப் பார்த்து நீ பிள்ளைகளைப் பார்த்துச் சிரிக்கிற மாதிரி சிரித்தாய் என்றார் எக்ஸில்டா. அவர் யாரென்று தெரியாமலே எக்ஸில்டாவையும் பார்த்துச் சிரித்தாயாம்.

இனி முக்கியமானது. வெள்ளிக்கிழமை உன் எண்ணிலிருந்து எனக்கு ஒரு செய்தி வந்தது. "அக்கா எண்ணெய் காஞ்சிருச்சு ரொம்ப காஞ்சிருச்சு வியாழக்கிழமை காலைல பத்து மணிக்கு சிபாட்டா பஸ் ஸ்டாண்டுல நிப்பேன் போலீசு வேணாம் நீங்க மட்டும் வாங்க". முற்றுப்புள்ளி இல்லை. உன்னைப் போலவே இருந்தது. அதைப் படித்ததிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. நம் வார்த்தை அவருக்குத் தெரியாது என்பதை எண்ணெய் பாட்டில் காட்டிவிட்டதே. அப்படியானால் நீதான் ஒரு நிமிஷம் போனை எடுத்து எழுதினாயா? நீயாக இருந்து நான் வராமல் போனால், அந்த பஸ் நிலையத்தில் குழந்தையோடு நீ நிற்பாய். என் ஆயுள் முழுக்க அங்கேயே நின்றுகொண்டிருப்பாய். ஆகவே லீவு சொல்லிவிட்டேன். துணிப்பை தயாராக இருக்கிறது. புதன்கிழமை பஸ் ஏறுவதாக இருக்கிறேன். போகக் கூடாது என்று எக்ஸில்டா போனில் என்னைத் திட்டினார். அவர் சொன்னதால்தான் முதலில் உன்னைக் கேட்டுவிடலாம் என்று இதை எழுதி, பஸ் டிரைவர் வழியாக அவருடைய கிளினிக்குக்கு அனுப்புகிறேன்.

தியாமிகே, அதை எழுதியது நீதானா? ஆமாம் இல்லை என்று எக்ஸில்டாவிடம் ஒரு வார்த்தை சொன்னால் போதும். உனக்கு வெளியே வர வேண்டாம் என்றாலும் சொல். நான் கோபித்துக்கொள்ள மாட்டேன். மூன்று தடவை கிளம்பிப் போய் மூன்று தடவையும் திரும்பி வந்தவள்தான் நானும். ஆனால் உன் வாயால் சொல். அவர் விரலால் எழுதியதை இனி என்னால் படிக்க முடியாது.

ஆண்டவர் உன்னையும் முவீசாவையும் அந்த வீட்டின் எல்லா அறைகளிலும் காக்கட்டும். என்னை மன்னித்துக்கொள்.

உன்மேல் உயிராயிருக்கும் அக்கா,
நமகாவ்


செவ்வாய்
வண்டியில்

நமகாவ் அக்காவுக்கு,

எக்ஸில்டா அக்காவின் கிளினிக் வண்டி குலுங்குகிறது எழுத்து கோணலாக இருந்தால் மன்னியுங்கள் வலது கை இன்னும் சரியாகவில்லை இடது கையால்தான் எழுதுகிறேன். எக்ஸில்டா அக்கா இதைப் படம் பிடித்துத் தன் போனிலிருந்து உங்களுக்கு அனுப்புவதாகச் சொல்கிறார்.

புதன்கிழமை பஸ் ஏறாதீர்கள். அதை நான் எழுதவில்லை. எண்ணெய் என்றால் என்ன என்று கெர்ஷோம் கேட்டார் முதல் நாள் நான் சொல்லவில்லை இரண்டாம் நாளும் சொல்லவில்லை. மூன்றாம் நாள் முவீசாவைக் கூப்பிட்டுத் தன் மடியில் உட்கார வைத்துக்கொண்டு கேட்டார். சொல்லிவிட்டேன் அக்கா. போனில் நான் முற்றுப்புள்ளி வைக்க மாட்டேன் என்பதையும் அவரே என் பழைய செய்திகளைப் படித்துப் படித்துக் கண்டுபிடித்துக்கொண்டார் பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி என்னைக் கூப்பிட்டு "இப்ப நீ எழுதின மாதிரி இருக்கா பாரு"ன்னு காட்டினார். வியாழக்கிழமைக்கு லீவு போட்டிருக்கிறார். என்ன செய்யப் போகிறீர்கள் என்று நான் கேட்கவில்லை. கேட்டால் சொல்லிவிடுவாரோ என்று பயமாக இருந்தது.

உங்கள் கடிதத்தை ஊசி மருந்துப் பெட்டிக்குப் பக்கத்தில் நின்று படித்தேன். படித்து முடித்தபோது பத்தரை மணி. அவர் பன்னிரண்டரைக்கு வாசலுக்கு வந்துவிடுவார். வருகிறேன் என்று நான் முடிவு செய்ததாகக்கூட எனக்கு ஞாபகம் இல்லை. முதல் வகுப்புக்குப் போய் முவீசாவைக் கூப்பிட்டேன். "அம்மா எனக்கும் ஊசியா"ன்னு அழ ஆரம்பித்துவிட்டாள். ஆமாம் ஊசிதான் என்று சொல்லித்தான் வண்டியில் ஏற்றினேன். அழுகிற பிள்ளையை யாரும் சந்தேகப்படவில்லை. இப்போது என் மடியில் தலை வைத்துக்கொண்டு ஊசி எப்போ ஊசி எப்போ என்று கேட்டுக்கொண்டே வருகிறாள். தலைமை ஆசிரியை வராந்தாவிலிருந்து எங்களைப் பார்த்தார். பார்த்துவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். நல்லதுக்கா கெட்டதுக்கா தெரியவில்லை.

அந்தப் பெண் அதிகாரியிடம் எக்ஸில்டா அக்கா போனில் பேசிவிட்டார். என்னிடமும் கொடுத்தார். எனக்குப் பேச வாய் வரவில்லை பெயரை மட்டும் சொன்னேன் அவர் "போதும்மா, இது போதும், மீதிய நேர்ல கேக்கறேன்"னு சொன்னார். உங்கள் வீட்டுக்கு வர வேண்டாம் என்றும் வேறு ஊரில் ஒரு பஸ் நிலையத்தில் நீங்கள் வந்து நிற்பீர்கள் என்றும் சொல்கிறார்கள். எந்த ஊர் என்று எனக்கே சொல்லவில்லை. சொல்ல வேண்டாம் என்று நான்தான் கேட்டுக்கொண்டேன். எனக்குத் தெரிந்தால் யாராவது கேட்டுவிடுவார்கள்.

பின்னால் ஒரு வெள்ளைக் கார் வெகு நேரமாக வந்துகொண்டிருக்கிறது. எக்ஸில்டா அக்கா அது யாரோ என்கிறார். யாராகவோதான் இருக்கும்.

அக்கா, உங்கள் முகம் எனக்குத் தெரியாது என் முகம் உங்களுக்குத் தெரியாது. நீல நிறத் தலைத்துணி கட்டியிருக்கிறேன். என்னைக் கண்டுபிடித்தால் தூரத்திலிருந்து பெயர் சொல்லிக் கூப்பிடாதீர்கள். பின்பக்கமாக வந்து தோளைத் தொடாதீர்கள். எதிரே நடந்து வாருங்கள், நான் பார்க்கிற மாதிரி, மெதுவாக. வந்து பக்கத்தில் நில்லுங்கள். நான் அசையாமல் நின்றுகொண்டிருந்தால் கோபித்துக்கொள்ளாதீர்கள், முதலில் முவீசாவின் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

தங்கை,
தியாமிகே