மாடி வாடகை

டிசம்பர் 8, 2025
குழந்தைகளுக்குத் தடுப்பூசி போட்டுவிட்டுக் கை கழுவும்போது செல்லில் வருமான வரித் துறையின் செய்தி. ஏதோ வருமானத்தை நான் காட்டவில்லையாம். நர்ஸ் சம்பளத்தில் மாதாமாதம் வரி பிடித்துக்கொள்கிறார்கள். இதில் எதை மறைத்தேன்?

டிசம்பர் 9
கூட வேலை செய்யும் அருணா கணினியில் பார்த்துச் சொன்னாள். போன வருடம் வாடகை ஒரு லட்சத்து எட்டாயிரம். கொடுத்தவர் எங்கள் மாடியில் குடியிருக்கும் பேங்க்காரர் சரவணகுமார். தன் வரியைக் குறைக்க வாடகையைக் காட்டியிருக்கிறார். வீட்டுக்காரர் என்று என் பான் எண். அந்த நகலைக் கொடுத்ததே நான்தான். "கேஸ் சிலிண்டருக்குக் கேக்குறாங்க" என்று என் கணவர் வாங்கிப்போனார்.
மாதம் ஒன்பதாயிரம். என்னிடம் இவர் சொன்னது மூவாயிரம். அதுவும் ரிப்பேருக்கே போகிறதாம். குளியலறைக் குழாய் இரண்டு வருடமாக ஒழுகுகிறது.

டிசம்பர் 10
கேட்டேன். "என் வூட்டு வாடகை, நான் வாங்குனா ஒனக்கு இன்னா?" என்கிறார். மீதி எங்கே போச்சு? செருப்ப மாட்டிக்கிட்டு வெளிய கெளம்பிட்டார். என் வூடாம் — பத்திரம் யார் பேர்ல இருக்கு? கடன் யார் சம்பளத்துல புடிக்கிறாங்க?

டிசம்பர் 11
போளூரில் ஒரு ஆடிட்டர் இருக்கிறார் என்று அருணா சொன்னாள்.

டிசம்பர் 13
மலையிறங்கிப் போளூர் போனேன். ஆடிட்டர் குணசீலன் நிதானமாகச் சொன்னார். "வூடு யார் பேர்லயோ, வருமானம் அவங்களுதுங்க. கையில யார் வாங்குனாலும் வரி ஒங்களுக்குத்தான்." வீட்டு வரி போக, மீதியில் நூற்றுக்கு முப்பது கழித்துக்கொள்ளலாம், ரிப்பேர் செய்தாலும் செய்யாவிட்டாலும். கடன் வட்டியில் மாடிக்குரிய பங்கும் கழியும். முப்பத்தொன்றுக்குள் கணக்கைத் திருத்த வேண்டும்.
கண்ணால் பார்க்காத பணத்துக்கு நான் வரி கட்ட வேண்டும். திரும்பும்போது பஸ் பாதி மலை ஏறிய பிறகுதான் அவர் முதலில் சொன்னது உறைத்தது. வருமானம் என்னுடையது.

டிசம்பர் 14
மாடிக்குப் போனேன். சரவணகுமாரின் மனைவி சிவசங்கரிக்கு முகமே வாடிவிட்டது. "மாசாமாசம் அண்ணன் கையில குடுத்துட்றோம்க்கா. ஒங்களுக்குத் தெரியும்னு நெனச்சோம்." இனி என் கணக்கில் போடச் சொன்னேன்.

டிசம்பர் 29
திருத்தி, வரியும் கட்டியாயிற்று. "வரி எவ்ளோ வந்துச்சி?" என்று இவர் கேட்டார். நான் சொல்லவில்லை. எனக்கு மட்டும் இவர் சொன்னாரா?

ஜனவரி 5, 2026
புது வாடகை ஒப்பந்தம். வீட்டு உரிமையாளர் என்ற இடத்தில் செந்தாமரை என்று கையெழுத்துப் போட்டேன். சாட்சிக்கு ஆள் வேண்டும் என்றார் சரவணகுமார். பேனாவை இவரிடம் நீட்டினேன். படித்துக்கொண்டே வந்தவர், ஒன்பதாயிரம் என்ற இடத்தில் கொஞ்சம் நின்றார். பிறகு போட்டார்.