இடக்கைக்கு ஒரு துவக்கு

என்றும் என் அன்புக்குரிய அப்பா,

இன்று நடந்ததை ஒன்றும் கூட்டாமல், ஒன்றும் ஒளிக்காமல் உண்மையாகப் பதிந்து வைக்கப்போகிறேன். உங்களுக்குக் கொஞ்சம் சங்கடமான ஒரு விடயமும் இதில் வரும். அதை விட்டுவிடலாமா என்று யோசித்தேன். விட்டால் மிச்சம் விளங்காது.

அம்மா இன்று துவக்கு வாங்கினார்.

நீங்கள் சிரிப்பது எனக்குக் கேட்கிறது. மன்னாரிலிருந்து துவக்குச் சத்தத்துக்கு ஓடிவந்த அதே அம்மாதான். வேட்டை அனுமதிக்கான வகுப்புக்கு நீங்கள்தானே பெயர் கொடுத்திருந்தீர்கள்? ஐந்து இலையுதிர்காலம் கையில் தடியோடு, செம்மஞ்சள் மேற்சட்டையோடு ஜெர்மனியின் சவர்லாந்துக் காட்டுக்குள் "ஓய்! ஓய்!" என்று சுடுகிறவர்களை நோக்கிப் பன்றி கலைத்த நீங்கள், ஒரு வருடமாவது துவக்கோடு மற்றப் பக்கத்தில் நிற்க வேண்டும் என்றீர்கள். பாதி வகுப்பில் மாசி மாதம் உங்கள் நெஞ்சு நின்றுவிட்டது. செத்தவீட்டுக்கு வந்த வகுப்பு ஆசிரியரிடம் அம்மா கேட்டார், அந்தக் கதிரையில் தான் வந்து இருக்கலாமா என்று.

ஏன் என்று அன்று இரவே கேட்டேன். "துவக்கைக் கண்டு ஓடினது காணும் பிள்ளை. ஒருக்கா அதைக் கையிலை பிடிச்சுப் பாப்பம்" என்றார்.

தமிழ்ப் பூசை முடிந்து நிற்கும்போது செல்வம் அண்ணை விடாமல் பகிடி பண்ணுவார். "என்ன அக்கா, ஜெர்மனியையும் பிடிக்கப்போறியளோ?"

"ஓம் தம்பி. முதல் வெடி உமக்குத்தான். அசையாமல் நில்லும்" என்பார் அம்மா.

சோதனையில் எழுத்துப் பகுதி அம்மாவுக்குப் பிரச்சினையே இல்லை. மானின் பல்லைப் பார்த்து வயது சொல்வதில் வகுப்பிலேயே அவர்தான் முதல். சுடுவதில் மட்டும் தட்டுத் தடுமாறிப் பாஸ் பண்ணினார். கழுத்தை வளைக்கிறார், உடம்பை இறுக்குகிறார் என்று ஆசிரியர் சொல்லிக்கொண்டே இருந்தார். போரிலிருந்து வந்த பெண், பயம் இருக்கும்தானே என்று எல்லாரும் இரக்கப்பட்டார்கள். நானும் அப்படியே நினைத்தேன்.

வருகிற சனிக்கிழமை காட்டில் வேட்டை. முதல் தடவையாக அம்மாவுக்கும் அழைப்பு வந்திருக்கிறது. ஆனால் அவர் தனக்குத் தானே ஒரு விதி வைத்திருந்தார். நூறு மீற்றரில் ஐந்து வெடி வைத்து, அந்த ஐந்து துளையையும் ஒரு பியர் அட்டையால் மூட முடியவேண்டும். பியர்க் கோப்பைக்குக் கீழே வைப்பார்களே, அந்த வட்ட அட்டை. இங்கே சுடுகிறவர்கள் எல்லாரும் அதால்தான் அளக்கிறார்கள். முடியாவிட்டால் வேட்டைக்குப் போவதில்லை, அனுமதிப் பத்திரத்தையும் திருப்பிக் கொடுத்துவிடுவது.

நான் நூலகத்தில் மூன்று புத்தகம் எடுத்து ஒரு கொப்பி முழுக்கக் குறிப்பெழுதினேன். ஒவ்வொரு வெடிக்கும் கதவுத் தாழ்ப்பாள்போல் தூக்கி, இழுத்து, தள்ளிப் பூட்டும் வகைதான் முதல் துவக்குக்கு நல்லது, ஏனென்றால் அது அவசரப்பட விடாது. குழல் தடித்தால் இலக்குக்கு நல்லது. இலேசானால் காட்டுக்கு நல்லது. நான் தடித்த குழலுக்கு மூன்று கோடு போட்டிருந்தேன்.

துவக்குக் கடைக்காரர் ஹெர் லிண்டன் உயரமானவர், மெதுவாகப் பேசுவார். என் கொப்பியை மரியாதையாக வாசித்துவிட்டு, "இதை எழுதியவரா சுமக்கப்போகிறார்?" என்று கேட்டார். எனக்கு முகம் சிவந்துவிட்டது.

இலக்குக்கும் வேட்டைக்கும் ஒன்றே என்றால் எதையும் அளவாக எடுக்க வேண்டும், தோளில் வைத்துச் சுட்டுப் பார்க்காமல் வாங்கக்கூடாது என்றார். கடைக்குப் பின்னாலேயே சுடும் கழகத்தின் நீண்ட கூடம். இரண்டு துவக்குகளோடு எங்களைக் கூட்டிப்போனார்.

முதலாவது நான் கோடு போட்டது. அம்மா தூக்கினார். "அம்மாடி! இது துவக்கோ, அம்மியோ? இதைக் காவிக்கொண்டு மலை ஏறினால் பன்றிதான் என்னைத் தூக்கிக்கொண்டு வரவேணும்." ஐந்து வெடியும் ஐந்து ஊரில் விழுந்தன. இரண்டாவது இலேசானது, தோளில் கழுதைபோல் உதைத்தது. அதில் ஒரு துளையைத் தேடியும் காணவில்லை.

அம்மா துவக்கை வைத்துவிட்டுக் காதுமூடியைக் கழற்றினார். "ஏலாது பிள்ளை. காயப்பட்டு ஓடுற மிருகத்துக்கு ஆர் பதில் சொல்லுறது? சனிக்கிழமைக்கு வரேல்லை எண்டு அவரிட்டைச் சொல்லு."

நான் அவரிடம் சொல்லவில்லை, அப்பா. ஏனென்றால் அப்போதுதான் ஒன்றைக் கண்டேன். அம்மா கண்ணைத் துடைத்தார். துடைத்தது இடது கண்ணை. துவக்கின் மேலுள்ள தொலைநோக்கியின் வட்டம் அழுந்திய அடையாளமும் இடது பக்கம்தான். துவக்கு வலத் தோளில், பார்த்தது இடக்கண்ணால். அதுதான் அந்தக் கழுத்து வளைவு.

"அம்மா, நீங்கள் மீன் வெட்டுறது எந்தக் கையாலை?"

"இடக்கையாலை. இப்ப அது என்னத்துக்கு?"

"ஊசி கோர்க்கிறது?"

"அதுவும்தான்."

"அப்ப ஏன் இதை மட்டும் வலக்கையிலை பிடிக்கிறியள்?"

அம்மா என்னை விசரியைப் பார்ப்பதுபோல் பார்த்தார். "ஒரு மனிசன் மரியாதையா நீட்டுறார். அதை இடக்கையாலை வாங்கிறதே?"

வகுப்பின் முதல் நாளிலிருந்து இதுதான் நடந்திருக்கிறது. ஒவ்வொரு முறையும் ஆசிரியர் நீட்டுவார், அம்மா வலக்கையால் வாங்குவார். வாங்கிய பக்கமே தோளுக்குப் போகும். போரும் இல்லை, பயமும் இல்லை. மரியாதை!

இப்போது அந்தச் சங்கடமான விடயம். நாங்கள் இங்கே வந்த புதிதில், ஒரு அலுவலகத்தில் ஆந்திராக் என்கிற விண்ணப்பப் படிவம் நிரப்பும்போது அம்மா பேனையை இடக்கையில் எடுத்தார். "அவை என்ன நினைப்பினம்? வலக்கையாலை எழுதும்" என்று நீங்கள் மெல்லிய குரலில் சொன்னீர்கள். நான் மேசைக்குக் கீழே இருந்தேன். அன்றிலிருந்து அம்மாவின் கையெழுத்து எப்போதும் விழுந்து எழும்பியது. உங்களைக் குறை சொல்லவில்லை. புது நாட்டில் பிழைவிடப் பயந்தீர்கள். அவர்கள் ஒன்றும் நினைத்திருக்கமாட்டார்கள் என்று இப்போது தெரிகிறது. அப்போது யாருக்குத் தெரியும்?

நான் ஹெர் லிண்டனுக்கு எல்லாவற்றையும் சொன்னேன். அவர் சிரிப்பார் என்று நினைத்தேன், சிரிக்கவில்லை. "பொறுங்கள்" என்று கடைக்குள் போனார். ஜெர்மனியைப் பிரித்த சுவர் விழுந்தபின் கிழக்கே வேலை கிடைத்துப் போன ஒரு பல்வைத்தியர் விற்கச்சொல்லி விட்டுப்போன துவக்காம். தாழ்ப்பாள் இடது பக்கம். கேட்பார் இல்லாமல் மூன்று வருடம் கிடந்திருக்கிறது. மிகப் பாரமும் இல்லை, மிக இலேசும் இல்லை. ஏழு மில்லிமீற்றர்த் தோட்டா, உதை குறைவு, பன்றிக்கும் காணும்.

அவர் அதை அம்மாவிடம் நீட்டவில்லை. மேசையில் வைத்துவிட்டு இரண்டடி பின்னால் போய் நின்றார். கொடுப்பவரும் இல்லை, வாங்குபவரும் இல்லை.

அம்மா கொஞ்ச நேரம் அதையே பார்த்தார். பிறகு இடக்கையால் எடுத்தார்.

கழுத்து வளையவில்லை. கன்னம் கட்டையில் போய்ப் படிந்தது. முதல் வெடி, இழு, தள்ளு. இரண்டாவது. ஐந்தாவது முடிந்ததும் ஹெர் லிண்டன் இலக்குக் கடதாசியைக் கொண்டுவந்தார். நான் பியர் அட்டையை வைத்தேன். நாலு துளை மூடப்பட்டது. ஐந்தாவது விளிம்பில் பாதி தெரிந்தது.

"பாதி தெரியுது" என்றார் அம்மா.

ஹெர் லிண்டன் அது மூடியதாகத்தான் கணக்கு என்றார். நானும் அப்படியே சொன்னேன். அம்மா கேட்கவில்லை. "எனக்கே நான் பொய் சொல்லேலாது. இன்னும் அஞ்சு தாங்கோ."

இரண்டாவது கடதாசியை உங்களுக்காக இந்தக் கொப்பிக்குள் வைத்திருக்கிறேன். அட்டையைத் தூக்காமல் ஒரு துளையும் தெரியாது.

துவக்கு வாங்கும் பத்திரத்தில் அம்மா இடக்கையால் கையெழுத்து வைத்தார். அப்பா, எவ்வளவு வடிவான கையெழுத்து தெரியுமா? அது இவ்வளவு காலமும் எங்கே இருந்தது?

சனிக்கிழமை அம்மா உங்கள் செம்மஞ்சள் மேற்சட்டையைப் போடுவார். கை நீளம், இரண்டு மடிப்பு வைத்திருக்கிறோம். துவக்கைப் பூட்டி வைக்கும் இரும்புப் பெட்டியின் திறப்பு அம்மாவிடம்தான் இருக்கும். நான் தொடமாட்டேன், சத்தியம். இன்னொரு சத்தியமும் செய்கிறேன். பட்டாலும் தவறினாலும் உங்களுக்கு உள்ளது உள்ளபடியே எழுதுவேன், பாதித் துளையை முழுதாக மூடமாட்டேன்.

கழக அறையின் மூலை மேசையில் இருந்து எழுதுகிறேன். அம்மா சப்பாத்து நாடா கட்டிவிட்டுக் கூப்பிடுகிறார். கூடத்தின் கோடியில் இலக்குகளுக்கு மேலே இருந்த விளக்குகளை ஹெர் லிண்டன் ஒவ்வொன்றாக அணைத்து, இப்போது என் தலைக்கு மேலே இருப்பதையும் அணைத்துவிட்டார்.

அம்மாவுக்குப் பக்கத்தில் நிற்கும்
உங்கள் மூத்த மகள்