கட்டில் மேல் சப்வூஃபர்

ஜூன் 3, திங்கள்

புனிதாவை வார்டில் விட்டுவிட்டு வந்து ஹாலை அளந்தேன். அவளுக்காக வாடகைக்கு எடுத்த ஆஸ்பத்திரிக் கட்டில் பாதி இடத்தைப் பிடித்துக்கொண்டது. டிவிக்கும் கட்டிலுக்கும் நடுவில் எட்டடிதான். ஆளுயர ஸ்பீக்கருக்கெல்லாம் வழியே இல்லை. சின்னதாக ஐந்து, கனத்த சத்தத்துக்குத் தரையில் ஒரு சப்வூஃபர். அவ்வளவுதான் தாங்கும்.

சனிக்கிழமை வீட்டுக்கு அனுப்புகிறார்கள். இனி மருந்து வேலை செய்யாதாம். எத்தனை வாரம் என்று கேட்டதற்கு டாக்டர் ஃபைலை மூடினார். வாராவாரம் என்னைத் தியேட்டருக்கு இழுத்துக்கொண்டு போனவள். இனி எங்கே போவாள்? தியேட்டரையே வீட்டுக்குக் கொண்டுவருகிறேன் என்று சொல்லிவிட்டேன். "எனக்கு எதுக்குங்க அதெல்லாம்? நீங்க பக்கத்துல இருந்தா போதும் லா" என்றாள். நான் கேட்கிற ஆளா?

ஜூன் 5, புதன்

சுபாங் ஜெயாவில் யுகேந்திரனின் ஸ்பீக்கர் கடை. காலையில் போனவன், மதியம்தான் வெளியே வந்தேன். முதலில் காட்டிய செட்டில் படத்தில் வருகிற எல்லாரும் மூக்கடைத்த மாதிரிப் பேசினார்கள். இரண்டாவதில் பேச்சு தெளிவு. எடுத்துக்கொண்டேன்.

"அங்கிள், சின்ன ஸ்பீக்கர்ல கனமான சத்தம் வராது, அத சப் பாத்துக்கும். உங்க ஹாலுக்கு எட்டு இன்ச்சே அதிகம்" என்றான். பத்து இன்ச்தான் வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றேன். போர்ட்டில் முப்பது வருஷம் கிரேன் ஓட்டியவன். சத்தம் என் நெஞ்சில் இடிக்க வேண்டும்.

சாயங்காலம் வார்டில் புனிதாவுக்குப் போனில் அந்த செட்டின் படத்தைக் காட்டினேன். அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஷாமினி வெளியே கூப்பிட்டுத் திட்டினாள். "அப்பா, அம்மாகூட பேசுங்கப்பா. நாலு நாளா ஸ்பீக்கர் கதைதான் பேசுறீங்க."

பெற்ற மகள், சொல்லட்டும். வேறு என்ன பேசுவது? வலிக்குதா, வலிக்குதா என்று எத்தனை தடவை கேட்பது? பயமா இருக்கு. எழுதிட்டேன். போதும்.

ஜூன் 7, வெள்ளி – காலை

நாளைக்கு வருகிறாள். ஸ்பீக்கர் ஐந்தும் மாட்டியாகிவிட்டது. சப்பை எந்த மூலையில் வைப்பது என்பதுதான் பாக்கி. அதற்கு யுகேந்திரன் ஒரு வழி சொன்னான். படம் பார்ப்பவர் இருக்கும் இடத்தில் சப்பை வைத்துப் பாடவிட வேண்டும். நாம் தரையில் தவழ்ந்து ஒவ்வொரு மூலையாகக் கேட்க வேண்டும். எங்கே சத்தம் சுத்தமாக இருக்கிறதோ அங்கேதான் அதற்கு இடம். மதியம் செய்யப்போகிறேன்.

புனிதாவின் அண்ணன் அய்யாவு போன் செய்தார். "வார்டுக்கு வரலியா மாப்ள? தங்கச்சி கேக்குது." சாயங்காலம் வரேன் மச்சான் என்றேன்.

ஜூன் 8, சனி

போய்விட்டாள். காலை ஆறேகால்.

ஜூன் 10, திங்கள்

எழுதாவிட்டால் பைத்தியம் பிடித்துவிடும்.

வெள்ளி மதியம் சப்பைத் தூக்கி அவள் கட்டிலில் வைத்தேன். தலையணையை நகர்த்தி, சரியாக அவள் தலை இருக்க வேண்டிய இடத்தில். சத்தத்தை ஏற்றிவிட்டு முட்டி நோகத் தவழ்ந்தேன். டிவி பக்கம் குழறியது. வாசல் பக்கம் ஒன்றுமே இல்லை. சன்னல் மூலையில் – அடடா! அங்கேயே படுத்துக் கேட்டேன். சந்தோஷமாக இருந்தேன். ஆமாம், சந்தோஷமாக.

நிமிர்ந்தால் ஷாமினி நிற்கிறாள். செருப்பைக்கூடக் கழற்றவில்லை. வாய் அசைகிறது, எனக்குக் கேட்கவில்லை. சத்தத்தை நிறுத்தினேன்.

"போன் எங்கப்பா?"

சமையலறையில், சார்ஜில். பதினாலு மிஸ்டு கால். ஒன்பது ஷாமினி. ஐந்து புனிதா.

மூச்சு முட்டிய நேரத்தில் அவளே, அவள் கையாலேயே கூப்பிட்டிருக்கிறாள். "அவர்கிட்ட ஒன்னு சொல்லணும்" என்றாளாம் ஷாமினியிடம். நாங்கள் போய்ச் சேர்வதற்குள் தொண்டையில் குழாய் போட்டு மயக்கத்தில் வைத்துவிட்டார்கள். அதுக்கப்புறம் கண்ணே தொறக்கல.

என்னடி சொல்ல வந்த? அஞ்சு தடவ கூப்பிட்டியேடி! பாவி, நான் தரையில தவழ்ந்துக்கிட்டு இருந்தேனே!

ஜூன் 14, வெள்ளி

"சப் எப்படி இருக்கு அங்கிள்?" என்று யுகேந்திரன் மெசேஜ் அனுப்பியிருக்கிறான்.

ஜூன் 23, ஞாயிறு

பதினாறாம் நாள் காரியம் முடிந்தது. பந்திங்கிலிருந்தும் சுங்கை பூலோவிலிருந்தும் சொந்தம் வந்திருந்தது. சுவரில் ஸ்பீக்கரைப் பார்த்துவிட்டு ஒவ்வொருவராக என் கையைப் பிடித்தார்கள். பொண்டாட்டிக்காக வீட்டிலேயே தியேட்டர் கட்டிய மனுஷனாம் நான்.

ஷாமினி இரண்டு வாரமாக என்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. இன்று காலை, காய் நறுக்கிக்கொண்டே, தலை நிமிராமல் சொன்னாள்: "நீங்க தூங்கிட்டீங்கன்னு மாமாகிட்ட சொல்லிருக்கேன். வார்டுல கண்ணு முழிச்சு அசந்துட்டீங்கன்னு. நீங்களும் அதையே சொல்லுங்க. எனக்காக இல்ல, அம்மாவுக்காக. அம்மா கூப்பிட்டது ஸ்பீக்கர் சத்தத்துல கேக்காம போச்சுன்னு ஊர் பேசக்கூடாது."

சாப்பாட்டுக்குப் பிறகு அய்யாவு மச்சான் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். என் தோளில் கை போட்டார்.

"தூங்கிட்டோமேன்னு மனச போட்டு வருத்திக்காதீங்க மாப்ள. உடம்புன்னா அசதி வராதா?"

உண்மையைச் சொல்லிவிட வாயெடுத்தேன். ஷாமினி கையில் தட்டோடு நின்று என்னையே பார்த்தாள்.

"ஆமா மச்சான்" என்றேன். "நல்லா தூங்கிட்டேன்."

அவர் அழுதார். என்னைக் கட்டிக்கொண்டு அழுதார். கொஞ்ச நேரத்தில் ஷாமினி எனக்குத் தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தாள். "குடிங்கப்பா" என்றாள். அன்றைக்குப் பிறகு இன்றுதான் அப்பா என்றாள்.

குடித்தேன்.