ஏழு ஜெல் பட்டைகள்

ஜன. 5, திங்கள்

காலையில் பனி. சைக்கிள் சீட் ஈரம்.

ஆய்வகத்தில் ஐந்தரை வரை. ஜெல்லைப் பிதுக்கி அச்சிடும் பிரிண்டரின் ஊசி மூன்று முறை அடைத்தது. ஜெல் இளகினால் பரவுகிறது, இறுகினால் வரவே மாட்டேன் என்கிறது. இட்லி மாவைவிடக் கொஞ்சம் கெட்டியாக இருக்க வேண்டும். கடைசியில் எட்டுப் பட்டைகள்! ஒவ்வொன்றிலும் கரிக்கோட்டின் நுனியில் நகமளவு ஜெல். தண்ணீரில் முக்கி மீட்டரை மாட்டினால் எண் வரும். நைட்ரேட் கூடினால் எண் இறங்கும். ஒன்றைப் பள்ளிக் குழாய்த் தண்ணீரில் முக்கினேன்: 212.

மீதி ஏழும் டிபன் பாக்ஸில், ஈரப் பஞ்சின் மேல். மூடியைச் சுற்றி டேப். மீட்டரோடு முத்துச்செல்வியிடம் (இனி மு.செ.) கொடுத்தேன். அவள் வீடு சேரன்மகாதேவியில், ஆற்றுக்குப் பக்கம். தினமும் காலையில் ஆற்றில் ஒன்றை முக்க வேண்டும். புதன்கிழமை வயலுக்கு உரம் போடுகிறார்களாம்; அது ஆற்றில் கலந்தால் எண் இறங்கும் என்றேன்.

“மறந்துராதட்டி. காஞ்சா போச்சு.”

“ஏட்டி, பிள்ளய வளக்கக் குடுக்க மாதிரில்லா பேசுத!”

ஜன. 9, வெள்ளி

வெயில். கணக்கில் 46/50.

மு.செ. எண்கள்: 205, 204, 196, 187. இறங்குகிறது! நான் சொன்னபடியே. சாப்பிட மறந்துவிட்டேன். நான் வரைந்த படத்தைப் பார்த்த அறிவியல் டீச்சர், “ஸ்கேல் வச்சு இழுத்த மாதிரில்லா இருக்கு!” என்றார்கள். மு.செ. தோளில் கைபோட்டபடி பஸ் ஸ்டாப் வரை.

ஜன. 12, திங்கள்

நாளை பள்ளியில் அறிவியல் கண்காட்சி. சார்ட், பசை, நூல்.

“கத்திரிக்கோல் என் பையில கெடக்கு, எடுத்துக்கோ” என்று மு.செ. கை கழுவப் போனாள். பைக்குள் டிபன் பாக்ஸ். டேப் நான் ஒட்டியபடியே. பிரித்தேன். பஞ்சு காய்ந்து, ஜெல் மீன் செதில்போலச் சுருங்கி. ஏழும்.

“நீதானட்டி சொன்ன, உரம் போட்டா எண் எறங்கும்னு. எறக்கிட்டேன்.” சிரிக்கிறாள். “காலைல ஆத்துல என்ன குளிரு தெரியுமா?”

பிறகு, பைய: “டீச்சர்ட்ட சொல்லிராத. நீதான படம் வரைஞ்ச?”

ஆமாம். வரைந்தது நான்தான். ஆற்றில் முக்கின பட்டைகளைக் காட்டு என்று ஒரு நாள்கூடக் கேட்கவில்லை.

அம்மாவிடம் தலைவலி என்று சொன்னேன்.

ஜன. 13, செவ்வாய்

மேகம். முதல் ஆளாகப் போய், சார்ட்டில் ஏழு புள்ளிகளின் மேலும் வெள்ளைத் தாள் ஒட்டினேன். 212 மட்டும் மிச்சம்.

டீச்சர்: “கோடு எங்க பிள்ள?”

“ஆத்துத் தண்ணியில முக்கவே இல்ல, டீச்சர். அந்த எண்ணெல்லாம் பொய்.”

“யாரு எழுதுனது?”

நான் வாயைத் திறப்பதற்குள் மு.செ. முந்திக்கொண்டாள்.

“நாங்க ரெண்டு பேரும், டீச்சர்.”